வாடப் போட்ட கொழுந்து

கண்ணு, அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய கல்யாணப் பத்திரிகையின் மாதிரி வந்து சேர்ந்தது. பிள்ளையார் படம், மாவிலைத் தோரணம் எல்லாம் லட்சணமாக இருக்கின்றன. மருமகளின் பெயர் உன் பெயரைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் விழுந்திருக்கிறது. அச்சகத்துக்காரன் செய்த வேலையோ நீ சொல்லிச் செய்ததோ, இருக்கட்டும், இப்போதிருந்தே பழகிக்கொள். சிரித்துக்கொண்டே படித்து வந்தவள் உன் அப்பாவின் பெயருக்கு வந்ததும் நின்றுவிட்டேன். பெயருக்கு முன்னால் பென்சிலால் 'அமரர்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறாய். "நீங்களே சொல்லுங்கள் அம்மா, இன்னும் எத்தனை காலம்தான் அப்பாவை நினைத்து வாடுவீர்கள்" என்று கூடவே ஒரு கடிதம். நீ கேட்டதில் தப்பே இல்லை. ஈப்போவில் நாலு பேருக்கு முன்னால் வாத்தியாராக நிற்கிறவன், அப்பா இருக்கிறாரா இல்லையா என்று பெண் வீட்டார் கேட்டால் ஏதாவது ஒன்றைச் சொல்லித்தானே ஆக வேண்டும். பதில் எழுத எனக்குத்தான் நாளாகிவிட்டது.

நீ எழுதிய அந்த 'வாடுவது' இருக்கிறதே, அதுதான் எனக்குச் சோறு போட்டது. ஊரில் யார்தான் வாடவில்லை? தலையில் வைத்த பூ சாயங்காலத்துக்குள் வாடுகிறது. பசித்த பிள்ளைக்கு முகம் வாடுகிறது. நினைத்தது நடக்காவிட்டால் மனசு வாடுகிறது. வானொலியைத் திருகினால் போதும், பாடுகிறவர்கள் எல்லாரும் யாரையாவது பிரிந்து காலையிலிருந்தே வாடிக்கொண்டிருக்கிறார்கள். எங்களுக்கு அது தேயிலைக் கொழுந்து செய்கிற வேலை. பறித்து வந்த கொழுந்தை அப்படியே உருட்டும் இயந்திரத்தில் போட முடியாது. விறைப்பாக இருக்கும், உடைந்து போகும். ஆலையின் மேல்மாடியில் அடுக்கடுக்காகச் சாக்குத் தட்டு கட்டி, அதில் மெல்லிசாகப் பரப்பி, காற்றில் விட வேண்டும். விடிவதற்குள் அதிலிருந்த நீர் பாதி போய், துவைத்த துணி மாதிரி கையில் மடங்கும். அதைத்தான் வாடுவது என்போம். அந்தப் பதத்தில் எடுத்துவிட வேண்டும். அசந்துவிட்டால் காய்ந்துபோகும், காய்ந்தால் குப்பை. உடனே நீ, வாடினால்தான் மணம் வரும், மனுஷனும் அப்படித்தான் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தக் கிளம்பிவிடாதே. இலை வேறு, மனுஷர் வேறு. கஷ்டப்பட்டு மணம் வீசின ஒருத்தரையும் நான் இந்தத் தோட்டத்தில் பார்த்ததில்லை.

உன் அப்பாவுக்கு அந்த மேல்மாடியில்தான் வேலை. நாங்கள் பரப்பிய கொழுந்தைப் பதம் பார்த்து, இறக்கலாம் என்று சொல்ல வேண்டியவர் அவர். அதற்குக் கருவி எதுவும் கிடையாது. ஒரு பிடி கொழுந்தை அள்ளி உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துவிட்டு, சட்டென்று விரலை விரிப்பார். இறுக்கிய உருண்டை உடனே படாரென்று பிரிந்தால் இன்னும் வாடவில்லை. சலசலவென்று சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது. சத்தமில்லாமல், பிரியலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல மெதுவாக விரிந்தால் சரியான பதம். மேல்மாடியில் வேலை செய்த எல்லாருக்கும் இது தெரியும். கல்யாணமான புதிதில் இதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தால் லேசில் போகாது, அது உனக்கும் தெரியும். சண்டை போட்டுவிட்டு நான் மூலையில் உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் வந்து உட்காருவார். என் கையை எடுத்துத் தன் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு, பிறகு விடுவார். நான் வெடுக்கென்று விரலை விரித்துக்கொண்டால், "இன்னும் வாடல" என்று சொல்லி எழுந்து போய்விடுவார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வருவார். கடைசியில் கை தானாக மெதுவாக விரியும், எனக்குச் சிரிப்பு வந்துவிடும். எங்களுக்குள் சமாதானம் என்று வாயால் பேசிக்கொண்டதே கிடையாது.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஒரே நாளில் மலையை விட்டு இறங்கிப் போய்விட்டார். கொஞ்ச நாள் ஆலை ஓடியது, பிறகு நின்றது. தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளியும் சக்கரவள்ளியும் போடச் சொன்னார்கள். அரிசி கண்ணில் படுவது அருமையாயிற்று. கடையில் துணி என்று ஒன்றே இல்லை. மேல்மாடியில் சும்மா தொங்கிய சாக்குத் தட்டுகளை அவிழ்த்து, ஆளுக்குக் கொஞ்சமாக அறுத்துக் கட்டிக்கொண்டோம். நீ பிறந்தபோது உன்னைச் சுற்றி எடுத்தது அந்தச் சாக்குதான். எத்தனை தடவை அலசினாலும் பச்சைக் கொழுந்து வாசம் போகவில்லை. மற்றவர்கள் உடம்பு அரிக்கிறது என்று புலம்பினார்கள். உன் அப்பா மட்டும் உன்னை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆலை ஓடுகிற மாதிரியே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்தக் காலத்தில் ஒன்றைக் கவனித்தேன். முன்பெல்லாம் குழாயடியில் யாரைப் பார்த்தாலும் "என்னா, மொகம் வாடியிருக்கு" என்று கேட்பது வழக்கம். அந்தப் பேச்சு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எப்போது நின்றது என்று தெரியவில்லை, நின்றே போய்விட்டது. எல்லா முகமும் ஒரே மாதிரி இருந்தால் யாரைப் பார்த்து அப்படிக் கேட்பது? பசியைப் பற்றிப் பேசினோம், ஜுரத்தைப் பற்றிப் பேசினோம், யார் வீட்டில் உப்பு இருக்கிறது என்று பேசினோம். வாடியிருக்கிறாய் என்று மட்டும் ஒருத்தரும் ஒருத்தரைச் சொல்லவில்லை. சொன்னால், முன்பு நன்றாக இருந்தது ஞாபகத்துக்கு வந்துவிடும் என்ற பயமோ என்னவோ.

பிறகு சயாமுக்கு ஆள் பிடிக்க வந்தார்கள். ரயில் பாதை போடுகிற வேலை, சில மாதத்தில் திரும்பிவிடலாம், அரிசியும் துணியும் கொடுப்பார்கள் என்று சொன்னார்கள். நம்பிப் போனவர்களும் உண்டு. உன் அப்பா நம்பவில்லை. ஆனால் வீட்டுக்கு ஓர் ஆள் என்று கங்காணி பெயர் வாசித்தபோது, இருமிக்கொண்டிருந்த உன் பெரியப்பாவை அனுப்பவும் அவருக்கு மனசில்லை. அண்ணனுக்குப் பதிலாக அவரே லோரியில் ஏறினார். எங்கள் மேல்மாடியில் அவரோடு வேலை செய்த வீராசாமியும் அதே லோரியில் போனான். அப்போது நீ என் இடுப்பில் இருந்தாய், இன்னும் நடக்கவில்லை. நான் அழவில்லை, ஆனால் என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. லோரிப் பலகைக்கு மேலே குனிந்து அவர் சொன்னது இதுதான்: "மொகத்த வாட்டிக்காத புள்ள. பால் குடுக்குறவ நீ. நீ வாடுனா பையன் வாடிருவான்." அத்தனை நாள் யாரும் சொல்லாத வார்த்தையை அவர் சொன்னார். லோரி தாப்பா ரோட்டில் வளைந்து இறங்கிப் போனது. என் கையைப் பிடித்துப் பார்க்கக்கூட அவருக்கு நேரம் இருக்கவில்லை.

நான் வாடாமல் இருந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். மரவள்ளி மாவைக் கரைத்துக் குடித்தால் பால் எங்கிருந்து வரும்? நீ அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்த நாட்கள் உண்டு. ஆனாலும் அவர் சொன்னதை ஒரு வேலை மாதிரி செய்தேன். உன்னை மடியில் போடும்போது மட்டும் முகத்தைத் துடைத்து, பொட்டு வைத்து, சிரித்து வைப்பேன். பக்கத்து வீட்டுக்காரி, சோற்றுக்கு வழியில்லாத நேரத்தில் இவளுக்குச் சிங்காரம் வேறு என்று முணுமுணுத்தாள். அவளிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. நீ பிழைத்துக்கொண்டாய், அது போதும்.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு, சயாமுக்குப் போனவர்கள் ஒவ்வொருவராக மேலே ஏறி வந்தார்கள். எங்கள் தோட்டத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர். வீராசாமி வந்தபோது அவனை எனக்கு அடையாளமே தெரியவில்லை, குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். உன் பெரியப்பா அவனை வாசலில் உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, என் தம்பி இருக்கிறானா இல்லையா, அதை மட்டும் சொல் என்றார். வீராசாமி தலையைக் குனிந்துகொண்டு, தன்னை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள் என்றான். கடைசியாகப் பார்த்தபோது, "அண்ணன் வாடிக் கெடந்தாரு" என்றான். அவ்வளவுதான். உன் பெரியப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். லயத்துப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வையிலேயே என் நெற்றிப் பொட்டைப் பாதி அழித்துவிட்டார்கள்.

எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். மேல்மாடியில் வேலை செய்தவன் காய்ந்ததை வாடியது என்று சொல்ல மாட்டான். உன்னை இறக்கிவிட்டு அவன் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் கையைப் பிடித்துப் பார்த்தாயா என்று கேட்டேன். அவன் தேத்தண்ணிக் குவளையைக் கீழே வைத்தான். என் கையை நீட்டி, "எப்படி விரிஞ்சிச்சின்னு காட்டு" என்றேன். அவன் தன் கையை என் கைக்குள் வைத்தான். நான் இறுக்கிப் பிடித்துவிட்டு விட்டேன். அந்த விரல்கள் மெதுவாக, மிகவும் மெதுவாக, சத்தமில்லாமல் விரிந்தன. அது போதுமாக இருந்தது எனக்கு. எழுந்து உள்ளே போய்க் கண்ணாடியைப் பார்த்துப் பொட்டைச் சரியாக வைத்துக்கொண்டு வந்தேன். கருமாதிக்கு நாள் பார்க்கலாமா என்று கேட்ட உன் பெரியப்பாவிடம், வருகிற மனுஷருக்கு எதற்குக் கருமாதி என்று சொல்லிவிட்டேன். பாவம், அவர் நல்ல மனுஷர். தனக்குப் பதிலாகப் போனவன் தம்பி என்ற பாரத்தைச் சடங்கு செய்தாவது இறக்கி வைக்க நினைத்தார். அதற்கும் நான் விடவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் நீ கண்ணால் பார்த்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் உன் அப்பாவுக்கு ஒரு வேட்டி எடுத்து வைத்தேன். நீ என் நெஞ்சளவு வளர்ந்ததும் அதையெல்லாம் கட்டிக் கிழித்தாய். பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை என்று கேட்டபோது, சயாமில் ரயில் வேலை என்று சொல்லி அடி வாங்கிக்கொண்டு வந்தாய். ஆலை மறுபடியும் ஓடியது. நான் மறுபடியும் மேல்மாடிக்குப் போனேன், இன்றைக்கும் போகிறேன். ஒவ்வொரு நாளும் கொழுந்து பரப்பினேன், ஒவ்வொரு நாளும் அது வாடுவதைப் பார்த்தேன். வாடியது வாடியபடியே கிடக்காது என்பது எனக்குத் தெரியாதா? ஒரு பொழுதுக்கு மேல் வைத்தால் அது காய்ந்துதான் தீரும். இதைத் தினமும் கையால் தொட்டவள் நான். தெரிந்தே அந்தப் பக்கம் நினைப்பைப் போகவிடவில்லை. வீராசாமி பிறகு திரிங்காப்பில் ஒரு சீனர் தோட்டத்துக்கு முட்டைக்கோஸ் ஏற்றப் போய்விட்டான். பிரிஞ்சாங் கடைத்தெருவில் என்னைத் தூரத்தில் கண்டால் லோரிக்குப் பின்னால் ஒதுங்குவான். அவன் ஒதுங்குவதற்கு முன்னால் நானே அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடுவேன். ஏன் என்று அவனும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

உன் பென்சில் எழுத்தைப் பார்த்த பிறகுதான் அவனைத் தேடிப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போனால், கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு எதிரே வருகிறான். நல்ல தாட்டியான ஆளாகிவிட்டான், பேரப்பிள்ளை எடுத்துவிட்டானாம். ஒதுங்க இடமில்லை. உனக்குக் கல்யாணம் என்று சொன்னேன். சந்தோஷப்பட்டான். பத்திரிகையில் அப்பா பேரை எப்படிப் போடுவது என்று பையன் கேட்கிறான், நீதான் சொல்ல வேண்டும் என்றேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்: "நான் முகாம் மாறுறதுக்கு முன்னாடியே போயிட்டாரு அண்ணி. ஆத்தோரமா நாந்தான் பொதைச்சேன். வாசல்ல புள்ளைய இடுப்புல வெச்சிக்கிட்டு நின்னீங்க, வாயி வரல."

அப்படியானால் அன்றைக்குக் காட்டினாயே, அது என்ன என்று கேட்டேன். "நான் எங்க காட்டுனேன் அண்ணி. நீங்க புடிச்சி விட்டீங்க. என் கைக்கு அன்னைக்கி அவ்வளவுதான் தெம்பு" என்றான். அவன் சொன்ன பிறகுதான் உறைத்தது, கண்ணு. அன்று என் கைக்குள் மெதுவாக விரிந்தது உன் அப்பாவின் உயிர் இல்லை, பட்டினி கிடந்து வந்த வீராசாமியின் விரல்கள். எலும்பும் தோலுமாக ஒரு பையன் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறான், அவன் வாடியிருப்பதைப் பார்க்காமல், அந்தக் கையில் என் புருஷனைத் தேடியிருக்கிறேன். அவனுக்கு ஒரு வாய் கஞ்சி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவேன் என்று நினைத்துத்தான் பஸ் ஏறினேன். திரும்பி வரும்போது அவன் கொடுத்த முட்டைக்கோஸை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் அழுதேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். வாடுவதை விடச் சொல்கிறாய். விட முடியுமா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அவர் வேண்டும். இந்த வயதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதுவும் பெற்ற பிள்ளையிடம். ஆனாலும் வேண்டும். சண்டை போட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து உட்கார ஆள் வேண்டும். அவர் போய்விட்டார் என்று தெரிந்த பிறகு ஏக்கம் குறையும் என்று பார்த்தேன், கூடித்தான் இருக்கிறது. முன்பு வருவார் என்ற நினைப்பு கொஞ்சம் தாங்கிக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் இல்லாமல் வெறும் கையாக இருக்கிறேன். ஆனால் ஒன்று, வருவார் என்று நினைத்ததால்தான் உன் முன்னால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், அதனால்தான் நீ வளர்ந்தாய். அந்தக் காத்திருப்பு வீண் என்று நீயும் நினைக்காதே, யாரையும் சொல்லவும் விடாதே.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவன், அதனால் ஒன்று சொல்கிறேன். அந்தப் பெண் கோபமாக இருக்கும்போது நியாயம் பேசாதே. வாத்தியார்களுக்கு அந்த வியாதி உண்டு. பக்கத்தில் போய் உட்கார். கையைப் பிடித்து விட்டுப் பார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் எழுந்து போ, ஆனால் திரும்பி வா. திரும்பி வருவதுதான் முக்கியம். உன் அப்பா எத்தனை தடவை எழுந்து போனாலும் திரும்பி வந்தார். ஒரு தடவைதான் வரவில்லை, அதுவும் அவர் குற்றமில்லை. அவள் முகம் வாடியிருந்தால், வாடியிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல். நாங்கள் சொல்லாமல் இருந்து பார்த்தவர்கள், அது நல்லதில்லை.

பத்திரிகையில் 'அமரர்' என்றே போட்டுவிடு, கேள்விக்குறியை அழித்துவிடு. ஆனால் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை மேலே வா. கொள்ளி வைக்க வேண்டியவன் நீ, இத்தனை வருஷம் நான்தான் உன்னைத் தடுத்து வைத்திருந்தேன். கோயில் பண்டாரத்திடம் கேட்டுவிட்டேன். மிச்சம் வைத்த காரியத்தை முடித்துவிட்டு நல்ல காரியத்தைத் தொடங்குவதுதான் முறை என்கிறார். உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து வைப்பார்களாம். பெரியப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள், அவர் பாரமும் இறங்கட்டும். வீராசாமியும் வருகிறேன் என்றிருக்கிறான், அவனுக்கு என் கையால் சோறு போட வேண்டும். தாலியை நானே கழற்றி உன் கையில் கொடுப்பேன், என்னைச் சுற்றி நின்று ஒப்பாரி வைக்க யாரும் வேண்டாம். பொட்டை அழிக்க மாட்டேன், அது உனக்காக வைத்தது. கல்யாணத்தன்று முன்வரிசையில்தான் நிற்பேன். பெண் வீட்டார் முகம் சுளித்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நீ.

தர்ப்பை உருவத்தின் கையில் ஒரு பிடி கொழுந்து வைக்க வேண்டும் என்று பண்டாரத்திடம் சொல்லியிருக்கிறேன். அப்படி ஒரு முறை இல்லையே என்றார். இனிமேல் இருக்கட்டும் என்றேன். நீ எந்த நாள் வருகிறாய் என்று எழுது. முதல் நாள் சாயங்காலம் மேல்மாடியில் அவருக்கென்று தனியாக ஒரு பிடி வாடப் போடுகிறேன். சொன்ன நாளில் வந்துவிடு கண்ணு. காய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும்.

அம்மா